ஒன்பதாம் மாதமும் ஒரு மணி நேர விமானமும்

திருச்சிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்குப் பழகாத சங்கதி ஒன்று உண்டு. இங்கே இலங்கை என்று சொன்னால் ஆட்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், அது என்னவோ சந்திரனுக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி. என் மில்லுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கம் நல்ல மனிதர். அவர்கூட என்னைப் பார்த்து, "ஏங்க சிலோன்காரரே, உங்க ஊருக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்பார்.

"மதுரையில இருக்கிற உங்க மச்சானைப் பார்க்கப் போனா எவ்வளவு நேரம் ஆகுது?" என்பேன்.

"பஸ்ஸுல நாலு மணி நேரம் முழுசா ஆயிடும்."

"நீங்க மதுரையில எறங்குறதுக்குள்ள நான் கொழும்புக்குப் போயி, வெத்தலை போட்டுட்டு, திரும்பி வந்து உங்க பெஞ்சில உக்காந்திருப்பேன்."

அவர் கடையில் இருக்கிறவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். "அண்ணன் காலையிலயே ஆரம்பிச்சிட்டாரு" என்பார். நான் சொல்வது அளந்த கணக்கு. திருச்சியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் ஆகாய வழியாக இருநூற்று அறுபது மைல். ஒரு மணி நேரம். காற்று எதிர்த்தால் ஒன்றேகால். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நான் படித்தது இலங்கையில், மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு வரைக்கும். விமானத்தில் போன முதல் தடவையே அதை ஓட்டுகிறவர் இறங்கி வந்தபோது படியருகே நின்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்க வெட்கப்படுகிறவன் முன்னேற மாட்டான் என்பது என் கொள்கை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போலக் கப்பலில் வந்து இறங்கியவர்களும் இருப்பீர்கள், இன்னும் மாத்தளைப் பக்கத்திலேயே இருக்கிறவர்களும் இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. என் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். நானும் பத்து வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவன்தான். பதினெட்டில் தோட்டத்தை விட்டு வந்து, இரத்தோட்டைக் கடைவீதியில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்கி மாத்தளைக்குச் சுமந்தேன். முதலில் தலையில். பிறகு பஸ்ஸின் மேல்தட்டில். முப்பத்தைந்தாவது வயதில் சொந்த லாரியில். எங்கள் லயத்துக் கூலிவீடுகளின் பிள்ளைகளில் லாரி வாங்கிய முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை என்று கேள்வி. இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி எங்களைப் பங்கு பிரித்தபோது எனக்கும் என் மனைவி காமாட்சிக்கும் இந்தியா என்று வந்தது. லாரியை விற்றுவிட்டு இங்கே வந்தேன். இன்றைக்கு இரண்டு மோட்டார் ஓடுகிற மில் என்னுடையது. மல்லி, மிளகாய், மஞ்சள் அரைக்கிறேன். நம்ம ஊர்ப் பக்குவத்தில் கருக வறுத்த தூளும் போட்டேன். முதல் வாரம் ஒரு அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "தீஞ்சுபோச்சுங்க, நல்லதா மாத்திக் குடுங்க" என்றாள். இப்போது அந்த அம்மா மாதம் இரண்டு கிலோ வாங்குகிறாள். அது வேறு கதை.

எங்கள் ஒரே மகள் ராசு அங்கேயே தங்கிவிட்டாள். தங்கிவிட்டாள் என்று சொல்வது தப்பு, தங்கவேண்டியதாயிற்று. மருமகன் சிவலிங்கம் இரத்தோட்டைக் கூட்டுறவுக் கடையில் கிளார்க். அவருக்கு அங்கேயே பிரஜாவுரிமை கிடைத்தது. தாலி எங்கேயோ பெண் அங்கே. நாங்கள் புறப்பட்ட அன்று மாத்தளை ஸ்டேஷனில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு நின்றதைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. ரயில் தலைமன்னாருக்குப் போகும்வரை காமாட்சி அழுதாள். கப்பலில் அழவில்லை. இராமேசுவரத்தில் இறங்கியதும் என்னிடம் சொன்னாள்: "ஒரு தடவை பிரிஞ்சாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது. நான் அந்த ஊருக்கு இனிமே வரமாட்டேன். போனா திரும்பி வரணுமே." அன்றிலிருந்து நான் மூன்று தடவை விமானத்தில் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன். ஊறுகாய் போட்டுக் கொடுப்பாள், புடைவை வாங்கிக் கொடுப்பாள், வாசல்வரை வருவாள். அவ்வளவுதான்.

போன வருஷம் ராசு முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு. நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி, தாய் வீட்டார் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எட்டில் வாசல் தாண்டக்கூடாது. சம்பந்தியம்மா மரியாதையாக எழுதியிருந்தார், ஏழாம் மாதமே வந்து கூட்டிப்போங்கள் என்று. அந்த மாதம்தான் எனக்கு இரண்டாவது மோட்டார் வந்து இறங்கியது. நான் பதில் எழுதச் சொன்னேன்: "அவசரம் என்ன, ஒரு மணி நேரப் பயணம். ஒன்பதாம் மாதம் வருகிறேன். ஊர் மெச்ச வளையல் அடுக்கி ஆகாயத்திலேயே கூட்டிக்கொண்டு போகிறேன்." காமாட்சியிடமும் சொன்னேன், "நீ வரவேண்டாம். பிள்ளைய உன் கையில கொண்டாந்து குடுக்கிறேன்." அவள் முகத்தில் அன்றைக்குத் தெரிந்த வெளிச்சத்தைக் கப்பல் ஏறிய நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. பின்கட்டில் ஒரு அறையை வெள்ளையடித்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கினாள். விசாவுக்குப் போனபோது மட்டும் ஒரு யோசனையில் அவளையும் கூட்டிப்போய் அவள் புத்தகத்திலும் முத்திரை குத்தி வைத்தேன். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவது என் பழக்கம்.

போகும்போது காய்ந்த மிளகாய் பத்துக் கிலோவும் வெங்காயம் ஒரு சாக்கும் கட்டினேன். மாணிக்கம் வாயில் கையை வைத்தார். "வெளிநாட்டுக்கு இங்கேயிருந்து வெங்காயமா கொண்டுபோறீங்க? அங்கேயிருந்து குடை, சோப்பு, ரேடியோதானே கொண்டாருவாங்க?" என்றார். அங்கே அந்த நாட்களில் இறக்குமதி நின்று, பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியற்காலையே வரிசை நின்றது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் பரிதாபப்பட்டது முகத்திலேயே தெரிந்தது.

வளைகாப்பு நான் சொன்னபடியே நடந்தது. கடைவீதியில் பழைய வியாபாரிகள் எல்லோரும் வந்தார்கள். எனக்கு மிளகு வியாபாரம் சொல்லிக்கொடுத்த காசிம் நானாவின் வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட வட்டிலப்பம் வந்தது. ராசுவின் இரண்டு கையும் முழங்கைவரை கண்ணாடி வளையல். மறுநாள் வாடகைக் கார் பிடித்து விடியும் முன்பே இறங்கினோம். மாத்தளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கவுக்கு நாலு மணி நேரம். மருமகனும் கூட வந்தார். வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன்: "பாத்தியா புள்ளே, நம்ம வீட்டிலிருந்து விமானத்துக்குப் போறதுதான் தூரம். விமானத்திலிருந்து திருச்சி தூரமே இல்லை." ராசு ஜன்னலோரம் சாய்ந்து, "அம்மா என்ன சமைச்சு வச்சிருப்பாங்கப்பா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

விமான நிலையத்து டிக்கெட் மேசையில் இருந்தது ஒரு சின்ன நோனா, இளவயதுச் சிங்களப் பெண். டிக்கெட்டைப் பார்த்தாள், பிறகு என் மகளைப் பார்த்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். நான் சிங்களத்தில் பேசுங்கள் என்றேன். எனக்கு மாத்தளைச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"மாச கீயத?" என்றாள். எத்தனை மாதம் என்று கேட்கிறாள்.

இதைவிட நல்ல கேள்வி உண்டா? வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று, "நவவெனி மாசே" என்றேன். ஒன்பதாவது மாதம், நேற்றுத்தான் வளையல் போட்டோம், முதல் பிள்ளை, தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், எங்கள் வழக்கம் இதுதான் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். எங்களுக்கு நல்ல இடமாகப் பார்க்கப் போகிறாள் என்று மகளிடம் சொன்னேன்.

அவள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மேலதிகாரி மாத்தயாவோடு திரும்பி வந்தாள். அவர் தமிழ் தெரிந்தவர், கொச்சையாக ஆனால் தெளிவாகப் பேசினார். "ஐயா, ஒன்பது மாசம் ஏத்த முடியாது. ஏழு மாசம் என்றால், டாக்டர் கடிதத்தோட சரி."

"ஏழாம் மாசம் எனக்கு வசதிப்படலைங்க. எட்டாம் மாசம் ஆகாது. அதனாலதான் ஒம்பது."

"உங்களுக்கு வழக்கம். எங்களுக்குச் சட்டம்."

"மாத்தயா, ஒரு மணி நேரம். எங்க தோட்டத்துல கொழுந்துக் கூடையோட மலையில நின்னு பிள்ளை பெத்துட்டு, மறுபடி கூடையைத் தூக்கினவங்க இருக்காங்க."

அவர் சிரித்தார். "இருப்பாங்க. அந்த மலைக்குக் கீழ நிலம் இருந்தது, ஐயா."

முழுக் காசு கட்டின டிக்கெட் என்றேன், அதைத் திருப்பித் தருவோம் என்றார். என்னைக் கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும் என்றேன், சந்தோஷம் என்றார். கடைசியில் ராசுதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, போதும்பா. கால் வீங்குது. எங்கயாச்சும் உக்காரணும்."

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் உடைந்துபோனாள். சத்தமில்லை, வளையல் மட்டும் குலுங்கிற்று. "எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மா கை இல்லாம என்னால முடியாது. அம்மாகிட்ட போறோம்னுதான் இவ்வளவு நாளும் தைரியமா இருந்தேன்" என்றாள். மருமகன் அவள் செருப்பைக் கழற்றி, காலைத் தன் பெட்டிமேல் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏழாம் மாதமே வந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தூரத்தை அளந்தவன் நாட்களை அளக்காமல் விட்டேன். கண்ணாடிக்கு அப்பால் எங்கள் விமானம் நாங்கள் இல்லாமல் கிளம்பிப் போயிற்று.

திரும்பும் வழியில் நீர்கொழும்புத் தபால் கந்தோரில் காரை நிறுத்தச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அங்கே இருந்தவர் இங்கிலீஷில் எழுதித் தந்தி கொடுத்தார். ராசு சுகம், விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள், நீ வா. அவ்வளவுதான். வரமாட்டேன் என்று சொன்னவளை, வரவேண்டாம் என்று நானே பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவளை, வா என்று கூப்பிடுகிறேன்.

திருச்சியில் நடந்ததை மாணிக்கம் பிற்பாடு சொன்னார். தந்தி என்றதும் தெருவே எழவு என்று முடிவு பண்ணி, இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். மாணிக்கத்தின் மகள்தான் பிரித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். காமாட்சி கேட்டாளாம்: "என் மக உசிரோட இருக்கா இல்ல?" இருக்கிறாள் என்றதும், வந்த பெண்களைப் பார்த்து, "அப்ப எந்திரிங்க, எனக்கு வேலை கிடக்கு" என்றாளாம். உடனே சுக்கு, மிளகு, ஓமம் இடித்துப் பிரசவ லேகியம் கிண்ட உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கம்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "அக்கா தனியா வெளிநாடு போகுது" என்று மாலை வாங்கி, தெரு ஆட்கள் ஒரு வேன் பிடித்து வழியனுப்பி இருக்கிறார்கள். நாலு தடவை போன எனக்கு ஒரு பூ கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் கட்டுநாயக்கவில் நின்றேன். எல்லோரும் வந்த பிறகு கடைசியாக வந்தாள், கழுத்தில் வாடின மாலை, இடுப்பில் லேகியப் பானை. விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். எப்படியும் ஆச்சரியப்பட்டிருப்பாள், நான் சொன்னதெல்லாம் உண்மை என்று இப்போதாவது ஒப்புக்கொள்வாள் என்று எண்ணம்.

"என்ன எப்படி? உக்காந்தேன். ஒரு மிட்டாய் குடுத்தாங்க. அது கரையறதுக்குள்ள எறங்குன்னுட்டாங்க. இதுக்கா இத்தனை வருஷம் பெருமை பேசுனீங்க?"

கார் குருநாகலைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "தூரம்னு நெனச்சுத்தாங்க நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். கடல் தாண்டி, ரயில் ஏறி, ராவு பகலா வந்தோமே, அவ்வளவு தூரம்னு. இவ்வளவு கிட்டத்துல வச்சுக்கிட்டா நான் அவளைப் பாக்காம இருந்தேன்? இது தெரிஞ்சப்புறம் அங்க எப்படிங்க இருக்கிறது?"

நான் நாலு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த அதே ஒரு மணி நேரம்தான். எனக்கு அது பெருமையாக இருந்தது. அவளுக்கு அது காயமாகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மருமகனின் சின்ன வீட்டில் சம்பந்தியம்மா தன் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். "இது இப்ப உங்க வீடு சம்பந்தி. தாய்வீட்டுப் பிரசவம்னு சொல்லிக்கலாம்" என்றார். அந்த அம்மாவை நான் கொஞ்சம் கறாரானவர் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன். எட்டாம் நாள் ராசுவுக்கு வலி கண்டது. மாத்தளை ஆஸ்பத்திரியில் வாசல்வரைதான் எங்களை விட்டார்கள். காமாட்சி அங்கே இருந்த சிங்களத் தாதியிடம் என்ன பேசினாளோ தெரியாது. இருவருக்கும் பொது வார்த்தை பத்துகூட இராது. தன் கையைக் காட்டினாள், உள்ளே இருக்கிற மகளைக் காட்டினாள். அந்தத் தாதி கதவை ஒருக்களித்துத் திறந்து இவளை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். வெளியே வந்து சொன்னபோது காமாட்சியின் மணிக்கட்டில் ராசுவின் நகம் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, தடவவும் இல்லை.

பேத்திக்கு அந்த நாடு, எனக்கும் பாட்டிக்கும் இந்த நாடு. எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். விசா முடியும் நாள்வரை பத்தொன்பது நாள் பிள்ளை எங்களிடம் இருந்தது. காமாட்சி தினமும் பதினொரு மணி வெயிலில், கொல்லைக் கல்லில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மூக்கை நீவினாள், தலையை உருட்டினாள். கடைசி ஐந்து நாளும் ராசுவை உட்காரவைத்துப் பழக்கினாள். "பயப்படாதடி, வழுக்காது. முட்டியைச் சேர்த்து வச்சுக்க. காதுல தண்ணி போகாம ஊத்து." புறப்படும் அன்று நாலு பேர் வந்து பிரிக்கவேண்டி வரும் என்று நான் தயாராகவே நின்றேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையை மகள் மடியில் வைத்தாள், "குளிப்பாட்டற நேரத்தை மாத்தாதே" என்று மட்டும் சொன்னாள், காரில் ஏறிவிட்டாள். விமானத்தில் கொடுத்த மிட்டாயைத் தின்னாமல் மடியில் முடிந்துகொண்டாள்.

நான் சளைக்கிற ஆள் இல்லை. அடுத்த வருஷத்துக்கு இப்போதே இரண்டு பேருக்கும் விசாவுக்கு எழுதிப் போட்டாயிற்று. முதலில் எழுதச் சொன்னதே அவள்தான். பிள்ளை நடக்கும்போது போவோம். ஆனால் திரும்பி வந்த அந்த வாரத்தில் ஒருநாள் பின்கட்டுக்குப் போனபோது, காமாட்சி வெள்ளையடித்த அந்த அறை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் நீட்டி, முட்டி இரண்டும் சேர்ந்து இருந்தது. மடியில் ஒன்றுமில்லை. என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன்.

"மணி பதினொண்ணு. ராசு இப்ப தண்ணி ஊத்துவா" என்றாள். அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான். "மெதுவா ஊத்தணும். சத்தம் கேட்டா பிள்ளை தூக்கிப்போடும்."

மந்திரி வந்தாலும் வேலை நேரத்தில் மோட்டாரை நிறுத்தாதவன் நான். அன்றிலிருந்து பதினொரு மணிக்கு இரண்டையும் நிறுத்திவிடுகிறேன். மல்லி மூட்டையோடு வந்து நிற்கிறவர்கள் கரண்ட் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். பத்து நிமிஷம் கழித்து அவள் காலை மடக்கி எழுந்து, புடைவையின் முன்பக்கத்தை ஈரம் பிழிகிற மாதிரி ஒரு தடவை உதறிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். பிறகு மோட்டாரைப் போடுகிறேன்.